ஏழாம் நிமிடம்

தார்த்துவில் ஜனவரிக்கு வெளிச்சம் ஆறரை மணி நேரம்.
மீதி இருட்டைத் திரையை வைத்துச் சமாளிக்கிறேன்.

வெப்பப் பம்பு பழுதுபார்க்கும் பாடம்,
பன்னிரண்டு பாகம், நாற்பத்தொரு காணொளி.
ஒவ்வொன்றையும் நான்தான் நறுக்கினேன்,
வாய்க்கு அடங்கும் கவளமாக.
ஒரே நேரத்தில் நாலு விஷயத்துக்கு மேல்
மனம் சுமக்காது என்று படித்திருந்ததால்
அழுத்தமானி வந்தால் இசையை அணைத்தேன்,
அம்புக்குறி வந்தால் பேச்சைக் குறைத்தேன்.
சரியான விடைக்கு ஒரு மணியோசை.
புறாவுக்குத் தானியம் என்றான் ஆலர்.
மணியை எடுத்துவிட்டுப் பார்,
எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்றேன்.

அப்போதுதான் அந்தச் சிவப்புப் புள்ளி.

ஹீயுமா தீவு. கற்பவர் எண் 118.
மூன்றாம் பாகம், ஏழாம் நிமிடம்.
கம்ப்ரஸர் ஓடுகிறது, அறை சூடாகவில்லை, ஏன்?
என்று குரல் கேட்கிற இடத்தில்
நின்றுவிடுகிறது.
இருபத்திரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லை.
மறுநாள் அடுத்த கேள்வி, பத்தொன்பது நிமிடம்.
பதினோரு இரவு இப்படி.

கூட்டத்தில் ஆளுக்கொரு வைத்தியம்.
காணொளி நீளம், வெட்டு.
ஆள் தூங்கிவிடுகிறார், நினைவூட்டல் அனுப்பு.
தீவில் இணையம் மோசம், படத்தின் தரத்தைக் குறை.
கேள்விக்கும் விடைக்கும் நடுவே இருக்கும்
இரண்டு விநாடியையும் தூக்கிவிடலாமே என்றார் ஒருவர்.
தலையாட்டினேன். குறித்தும் கொண்டேன்.

ஆனாலும் போன் செய்தேன்.

பெயர் கல்யு. எங்கள் மொழியில் பாறை.
படகின் எஞ்சின் அறையில் முப்பது வருடம்.
"தானாக நிற்கவில்லை மெரிகே, நான்தான் நிறுத்துகிறேன்.
உங்கள் ஆளுக்கு ரொம்ப அவசரம்.
கேட்ட மூச்சிலேயே விடையையும் சொல்லிவிடுகிறார்.
நான் முதலில் ஒரு தடவை
தப்பாகச் சொல்லிப் பார்க்க வேண்டாமா?"

இருபத்திரண்டு நிமிடமா?

"கொட்டகையில் பழைய பம்பு ஒன்று கிடக்கிறது.
அதனிடம் போய்க் கேட்கிறேன்.
கை விறைத்ததும் வந்து காகிதத்தில் எழுதுவேன்.
அப்புறம்தான் அவரைப் பேச விடுவேன்.
பெரும்பாலும் அவர்தான் சரி.
ஆனால் நான் தோற்ற நாளின் விடை இருக்கிறதே,
ரிவர்ஸிங் வால்வு,
அது சாகும்வரை மறக்காது."

பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல:
"அந்த மணி அடித்தால் நாய் குரைக்கிறது.
அதை மட்டும் கொஞ்சம் பாருங்கள்."

இதையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.
தவறிப்போன முயற்சி, வரப்போகும் விடைக்கு
மண்ணைக் கிளறி வைக்கும் என்று
மூன்று பக்கம், அடிக்கோட்டோடு.
பிறகு வேலைக்கு வந்து
யாரும் தவறவே முடியாத ஒன்றைக் கட்டினேன்.

அன்றிரவு மூன்றாம் பாகத்தைத் திறந்து
கேள்விக்குப் பின்னால் ஒரு வெற்றுத் திரை வைத்தேன்.
கடிகாரம் இல்லை. சுழலும் வளையம் இல்லை.
ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி:
போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முடிப்பவர் எண்ணிக்கை குறைந்தால்? என்றான் ஆலர்.
குறைந்தது.
பதினாறு பேர் அந்த வெள்ளைவரை வந்து
எழுந்து போனவர்கள்தான்.
எத்தனை பேர் கொட்டகைக்குப் போனார்கள்,
எத்தனை பேர் சலித்துப் போனார்கள்
என்று எனக்குத் தெரிய வழியில்லை.
பட்டியலில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு.

இறுதித் தேர்வில் கல்யு அறுபத்தெட்டு.
தேற எழுபது வேண்டும்.
மறுபடி முதலிலிருந்து வருகிறார்.

இன்று ஒன்பதாம் பாகத்தில் நிற்கிறார்.
நாற்பது நிமிடம் ஆகிறது.
வெளியே மைனஸ் பதினெட்டு, அங்கே இன்னும் காற்றும் இருக்கும்.
கிளம்பக் கோட்டை மாட்டிக்கொண்டவள்
பொத்தான் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்,
அந்தப் புள்ளியைப் பார்த்தபடி.